டிரைவர் சீட்டில் வைத்த படையல்

சுண்டு,

இந்தப் பெயரில் கூப்பிட்டால் உனக்குக் கோபம் வரும். கார் ஸ்டாண்டில் பசங்க முன்னால் சுண்டு கிண்டு என்று கூப்பிட்டு மானத்தை வாங்காதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். கதவு நிலையில் தலை இடிக்கிற உயரத்துக்கு வளர்ந்தவனை நான்தான் இன்னும் அப்படிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இப்போது கோபித்துக்கொள்ள நீ இல்லை, அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். நான் அஞ்சாவது படித்தவள். முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்துப் பால் பட்டுக் கறுத்துப்போன விரலில் பேனா நிற்க மாட்டேன் என்கிறது. உன் பெண்டாட்டி தேவகிதான், "மனசுல கெடக்கறத எழுதிடுங்க அத்த, எழுத்துப்பிழைய நான் பாத்துக்கறேன்" என்று உட்கார வைத்திருக்கிறாள். உனக்கு எழுதினாலும் நாலு பேர் படிக்கட்டும். பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் படிக்கட்டும், போய்ச் சேர்ந்தவர்களுக்குச் சோறு வைக்கிறவர்களும் படிக்கட்டும்.

நாளைக்கு உன் கார் மறுபடியும் ரோட்டில் இறங்குகிறது. அதற்குள் நீ போனபிறகு இந்த வீட்டில் நடந்ததை உனக்குச் சொல்லிவிட வேண்டும்.

அண்ணாகிராமத்தில் முந்திரி ஏவாரம் செய்தவரிடமிருந்து நீ அதை ஓட்டிக்கொண்டு வந்த அன்றைக்கே அது கிழட்டு வண்டிதான். நம் வீடோ தேவனாம்பட்டினம் போகிற ரோட்டில் இருக்கிறது. கடல்காற்று அடுப்படி வரைக்கும் வந்து உப்பு டப்பாவைக் கசிய வைக்கிற இடம், தகரத்தைச் சும்மா விடுமா? முதல் வருஷமே காலடித் தகரம் பொத்தல் விழுந்து, பின்சீட்டில் உட்கார்ந்தால் கீழே ரோடு ஓடுவது தெரிந்தது. எண்ணெய் டின்னை வெட்டி நீயே அடைத்தாய். இடதுபக்கப் பின்கதவு உள்ளேயிருந்து கயிற்றை இழுத்தால்தான் திறக்கும். ரேடியேட்டர் ஒழுகினால் என் அஞ்சறைப்பெட்டியில் கை வைத்து மஞ்சள்தூளை அள்ளிக்கொண்டு ஓடுவாய், ஒழுகல் அடைபடும் என்று. சாம்பாருக்கு மஞ்சள் இல்லாமல் நான் கத்தினால், "வண்டிக்குச் சளிம்மா, அதுக்கும் மருந்து வேணும்ல" என்பாய். டிரைவர் சீட்டின் தண்டவாளம் துருப்பிடித்து, உன் காலுக்கு எவ்வளவு தள்ளி வைத்திருந்தாயோ அங்கேயே இறுகிவிட்டது. அதற்கப்புறம் அந்த சீட்டு யாருக்கும் நகரவில்லை. உன் கல்யாணத்துக்கு வேறு கார் வைத்துக்கொள்ளடா என்றேன். கேட்டாயா? குமராட்சியிலிருந்து பெண்ணை அழைத்து வரும்போது வெள்ளாற்றுப் பாலத்து மேல் அது நின்றது. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தேவகி இறங்கித் தள்ளினாள். "பொண்ணு பாக்க வந்தப்பவே சொல்லியிருக்கலாம்ல, தள்ளத் தெரியுமான்னு" என்று அவள் கேட்டதற்குப் பாலமே சிரித்தது.

அந்த வண்டியின் சேட்டைகளில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. நம் சந்து முட்டுச்சந்து. திருப்ப இடமில்லாமல் நீ எப்போதும் ரிவர்ஸிலேயே உள்ளே வருவாய். ரிவர்ஸ் போட்டதும் பின்னாலிருந்து ஒரு மெட்டு பாடும். அது முனையில் கேட்டால் நான் அடுப்பைப் பற்றவைத்துத் தோசைக்கல்லைப் போடுவேன். தேவகி போய் வண்டிக்கும் சந்து முடிகிற பின்சுவருக்கும் நடுவில் நின்றுகொண்டு, இரண்டு கையாலும் உன்னைக் கூப்பிடுவாள். வாங்க, வாங்க, ரைட்டுல ஒடிங்க, போதும். நீ கை கழுவிவிட்டு வருவதற்கும் முதல் தோசை வேகுவதற்கும் சரியாக இருக்கும்.

பங்குனியில் ஒரு நாள் அந்த மெட்டு வரவில்லை. சிதம்பரம் தெற்கு வீதியில், சவாரி வந்த வயசான தம்பதியைக் கோயிலுக்கு இறக்கிவிடப் போனவன், வண்டியை ஓரங்கட்டி, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்திருக்கிறாய். தூங்குகிறாய் என்று அவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்களாம். முந்தின ரெண்டு நாளாக நெஞ்சு எரிகிறது, வயிற்றுக் கேஸ்தான் என்று சோடா வாங்கிக் குடித்திருக்கிறாய். வண்டியில் புதுசாக ஒரு சத்தம் கேட்டால் அன்றைக்கே சலீம் பாய் ஷெட்டுக்கு ஓடுகிறவன் நீ. உன் நெஞ்சில் கேட்டதற்கு மட்டும் ஏனடா சோடா? உன்னைத் திட்டி இனி ஆகப்போவது எதுவுமில்லை. உன் வயசுப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், வண்டிக்குப் பார்க்கிற பார்வையில் பாதியை உங்கள் உடம்புக்கும் பாருங்கள் என்று ஒரு தாய் சொல்கிறேன்.

உன் ஸ்டாண்டு பசங்கதான் காரைக் கொண்டுவந்து வீட்டில் விட்டார்கள். அது எப்போதும் நிற்கிற இடத்தில், சந்து முனையைப் பார்த்தபடி நின்றது. விற்றுவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை, ஒரு ஆக்டிங் டிரைவரை வைத்தேன். நல்ல பிள்ளை, குள்ளம். சீட்டு நகராததால் முதுகுக்கு ரெண்டு தலைகாணி வைத்துக்கொண்டு ஓட்டினான். ஒரு வாரம் போனதும் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தான்.

"என்னாப்பா, கூலி பத்தலியா?"

"அதெல்லாம் இல்லம்மா. உள்ள இருக்குற கண்ணாடிய என் ஒசரத்துக்கு எறக்கி வக்கிறேன். புதுச்சத்திரம் தாண்டறதுக்குள்ள அது மேல ஏறி நிக்குது."

"ஸ்க்ரூ லூசா இருக்கும்."

"லூசா இருந்தா கீழதானம்மா தொங்கணும்?"

அவன் போனபிறகு நான் போய்ப் பார்த்தேன். கண்ணாடி உன் கண் இருக்கிற உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குப் பயம் வரவில்லை, சுண்டு. நீ நம்பமாட்டாய், மனசுக்குள் ஏதோ குளிர்ந்தது.

சித்திரை அமாவாசைக்கு இலை போட்டு, மொட்டைமாடியில் வைத்துக் காக்காயைக் கூப்பிட்டேன். வரவில்லை. வைகாசியிலும் கூப்பிட்டேன். கடலோரம் எத்தனை காக்காய், மீன் நாற்றத்துக்குப் பறந்துகொண்டேதான் இருக்கும், ஒன்றுகூட நம் இலைக்கு இறங்கவில்லை. பக்கத்து வீட்டுக் கமலா, "உம்புள்ளைக்கு உன் சமையல் சலிச்சுப்போச்சோ என்னமோ" என்றாள். அது என்னைத் தூங்கவிடவில்லை. பிறகுதான் தோன்றியது. நீ மொட்டைமாடிக்கு எப்போது வந்தாய்? சவாரி நடுவில் வருவாய், தட்டை வாங்கிக் காரிலேயே உட்கார்ந்து தின்றுவிட்டுப் போவாய். ஆகவே ஆனி அமாவாசைக்கு இலையை டிரைவர் சீட்டில் வைத்தேன். சோறு, சாம்பார், உளுந்து வடை, பாயசம். ஜன்னல் கண்ணாடியை நாலு விரல் இறக்கி வைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் இலை துடைத்தாற்போல் இருந்தது. ஒரு பருக்கை இல்லை. நான் அந்த சீட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், அழுதேன், எல்லாம் செய்தேன். அதற்கப்புறம் அமாவாசைக்கு மட்டும் என்றில்லாமல் வெள்ளிக்கிழமை வைத்தேன், உனக்குப் பிடித்தது செய்தால் அன்றைக்கும் வைத்தேன். ஒவ்வொரு தடவையும் இலை காலியானது.

ஆவணியில் அந்த மெட்டு வந்தது.

விடியல் நேரம், வெளுத்தும் வெளுக்காமலும் இருந்தது. வண்டி நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு ரிவர்ஸ் பாட்டைப் பாடியது. சாவி என் தலைமாட்டில் இருந்தது. நான் எழுந்து, அடுப்பைப் பற்றவைத்து, கல்லைப் போட்டு, மாவை எடுத்தபிறகுதான் என்ன செய்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது. சலீம் பாய் வந்து பார்த்தார். பாட்டரி என்றார், மாற்றினோம். இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு மறுபடியும் பாடியது. உப்புக்காற்றில் பின்லைட்டுக்குள் ஈரம் போய்விட்டது என்றார், புது லைட் போட்டோம். அதற்கும் பாடியது. முந்திரி உடைத்த கூலியெல்லாம் அந்த வண்டிக்குத்தான் போனது. கமலா, "எங்க ஊட்டுச் சேவல வித்துடறேண்டி, உங்க கார்தான் அதுக்கு முன்னாடி கூவுதே" என்றாள். பாட்டரி இறங்க இறங்க அந்த மெட்டு இழுத்துக்கொண்டே போகும். கடைசியில் பாட்டு மாதிரியே இருக்காது. தூக்கக் கலக்கத்தில் ஒரு ஆம்பளை ஏதோ சொல்ல வருகிற மாதிரி இருக்கும். நான் ஜன்னலில் காதை வைத்து, என்ன சொல்கிறாய் என்று கேட்டுக்கொண்டு நிற்பேன்.

பாய் ஒரு நாள், "மொத்த ஒயரிங்கும் மாத்திட்டா சத்தம் நின்னுரும்மா. எஃப்.சி. டெஸ்டும் நெருங்குது, இப்பிடியே போனா பாஸாவாது, அப்புறம் காயலாங்கடைதான்" என்றார். பார்க்கலாம் பாய் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஒயரை மாற்றினால் நீ நின்றுவிடுவாய் என்றுதான் எனக்குப் பட்டது. மாற்றாவிட்டால் வண்டியை உடைத்துவிடுவார்கள். ரெண்டு பக்கமும் உன்னை இழக்கிற வழியாகவே இருந்தது, நாளைத் தள்ளிக்கொண்டே போனேன்.  மெட்டு கேட்கிற காலைகளில் தேவகி போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொள்வாள். குமராட்சியிலிருந்து அவள் அம்மா போன் போட்டு, அந்த வண்டியையும் வீட்டையும் தலைமுழுகிவிட்டு வா என்று அழைத்துக்கொண்டே இருந்தாள். அதுவும் எனக்குத் தெரியும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம். விடியலில் பாட்டு கேட்டது. எழுந்து அடுப்படிக்குப் போகும்போது பார்த்தேன், தேவகியின் படுக்கை வெறுமையாக இருந்தது. வெளியே வந்தேன். தூறலில், தலைமுடி அவிழ்ந்து கிடக்க, வண்டிக்கும் பின்சுவருக்கும் நடுவில் அவள் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையும் உயர்ந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தன. "வாங்க... வாங்க... ரைட்டுல ஒடிங்க... இன்னும் வாங்க..." பின்லைட் எரிந்து எரிந்து அணைந்தது. அவள் கண் திறந்துதான் இருந்தது, அதில் அவள் இல்லை. உள்ளே யாருமில்லாத அந்த வண்டி, சுண்டு, மெதுவாகப் பின்னால் வந்துகொண்டிருந்தது. தரைச் சரிவுக்காகச் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கொடுத்த செங்கல் உருண்டு ஓரமாகக் கிடந்தது. நான் "தேவகி!" என்று கத்தினேன். அவள் திரும்பவில்லை. "வாங்க" என்றாள். நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடிப்பதற்குள் வண்டி நின்றுவிட்டது. அவள் புடவைக்கும் பம்பருக்கும் நடுவில் என் உள்ளங்கை நுழையவில்லை. அவள் முதுகு சுவரில் ஒட்டியிருந்தது. ஆனால் ஒரு கீறல் இல்லை. "போதும்" என்று சொல்லிக் கையை இறக்கினாள். அதற்கப்புறம்தான் நனைந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது.

விடிந்ததும் அவள் பையை எடுத்து வைத்தாள். சத்தம் போடவில்லை. "அந்த வண்டி இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன். ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க அத்த." நீ சொல், நான் என்ன செய்வேன்? பம்பருக்கும் அவளுக்கும் நடுவில் வைத்துப் பார்த்த கை அப்போதும் குளிர்ந்தே கிடந்தது. சலீம் பாய்க்கு நானே போன் போட்டேன். எல்லாத்தையும் கழற்றுங்கள் பாய், எல்லாத்தையும் மாற்றுங்கள் என்றேன்.

அவர் பின்பக்கத்தைப் பிரித்தார், காலடித் தகரத்தைப் பிரித்தார், துருப்பிடித்த சீட்டை எண்ணெய் அடித்துச் சுத்தியலால் தட்டினார். அது நகர்ந்தபோது போட்ட சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. உள்ளே ஓடிவிட்டேன். அவர் கூப்பிட்ட பிறகு வந்தேன்.

"ஏம்மா, இது காரா ஓட்டலா?"

சீட்டுக்கு அடியில் எலிக் கூடு. உன் கழுத்துத் துண்டின் நூல், காய்ந்த வாழையிலை, காய்ந்த சோற்றுப் பருக்கை, பாதி வடை. அங்கேயிருந்து பின்லைட்டுக்குப் போகிற ஒயர் நெடுக மேல்தோலை எலி கடித்துத் துப்பியிருந்தது. ஈரம் பட்டால் கம்பியும் கம்பியும் ஒட்டிக்கொண்டு பாட்டு பாடியிருக்கிறது. நான் உனக்கு வைத்த ஒவ்வொரு இலைச் சோறும் அந்தக் கூட்டுக்குத்தான் போயிருக்கிறது. பாய்க்குச் சிரிப்பு வந்து, என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். "அல்லா கணக்குல புண்ணியந்தாம்மா, எலியும் வாயில்லா ஜீவன்தான்" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை மாதமாக என் பிள்ளை தின்கிறான் என்று நினைத்து, நானே சோறு போட்டு வளர்த்த எலி இந்தப் பெண்ணைக் கொல்லப் பார்த்திருக்கிறது.

தேவகி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அவரு உளுந்து வடய தொட்டுருக்காரா அத்த? மசால் வடதான தின்பாரு. எல காலியானப்பவே எலின்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏண்டி வாயத் தொறக்கல?"

"அவரு போனதுக்கப்புறம் நீங்க அன்னிக்குத்தான் சிரிச்சீங்க. அத எப்பிடி கெடுக்கறது?"

"அப்ப அந்த விடியக்காலத்துல எதுக்குடி போயி வண்டிக்குப் பின்னாடி நின்ன?"

அவள் கூட்டிலிருந்து உன் துண்டின் நூலை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டாள். "நானா போவல அத்த. கூப்பிட்டாப்பல இருந்துச்சு" என்றாள்.

பாய் இதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஹேண்ட்பிரேக் கேபிளைக் கையில் தூக்கிக் காட்டினார், அது எப்போதோ அறுந்திருந்தது. கியரும் நியூட்ரலில்தான் இருந்திருக்கிறது. அப்படியென்றால் சரிவில் உருண்டு வந்தது எப்படி நின்றது பாய் என்று கேட்டேன். தரை எங்காவது மேடாக இருக்கும் என்றார். சொன்னதோடு விடாமல், ஒரு சொம்புத் தண்ணீரை வண்டி உருளத் தொடங்கிய இடத்தில் ஊற்றினார். எங்கள் மூன்று பேர் கண் முன்னால் அது எங்கேயும் தேங்காமல் ஒரே ஓட்டமாகச் சுவர்வரைக்கும் போய் முட்டியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கை கழுவ வேண்டும் என்று சொல்லி எழுந்து போனார்.

தேவகி பையைப் பிரித்துத் துணிகளை மறுபடியும் அலமாரியில் வைத்தாள்.  மறு வாரம் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். அவள் அம்மா போனில் அழுதபோது, "நான் நம்ம ஊருக்கு வந்தா அந்த வண்டியிலதாம்மா வருவேன், நானே ஓட்டிக்கிட்டு" என்றாள். லைசென்ஸ் வந்தது, எஃப்.சி. முடிந்தது. பாட்டுப் பாடுகிற ஹாரன் வேண்டாம், கழுத்தைத் திருப்பிப் பார்த்தே பின்னால் எடுத்துக்கொள்கிறேன் என்று கழற்றச் சொல்லிவிட்டாள். இப்போது காலைகள் சத்தமில்லாமல் விடிகின்றன. இலையை மொட்டைமாடியில்தான் வைக்கிறேன், காக்காய் வந்தால் சந்தோஷம், வராவிட்டாலும் கீழே இறங்கிவிடுகிறேன். இதைப் படிக்கிற தாய்மாருக்கும் அதையே சொல்கிறேன். வானம் பார்த்த இடத்தில் வையுங்கள், மூடின இடத்தில் வைத்துவிட்டு இலை காலியாகிறதா என்று காத்திருக்காதீர்கள். உயிரோடு பக்கத்தில் படுத்திருக்கிறவளைப் பாருங்கள்.

நாளைக்குக் காலையில் குமராட்சிக்குப் புறப்படுகிறோம், அவளும் நானும். பைபாஸில் போகலாமே என்றேன். தெற்கு வீதி வழியாகத்தான் போவேன் என்கிறாள். அவளுக்கு அங்கே ஒரு நிமிஷம் நிறுத்த வேண்டுமாம். "பேச்சுத் துணைக்கு முன்னாடி உக்காருங்க அத்த" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். எலியை ஒப்புக்கொள்கிறேன், ஒயரை ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தண்ணீர் ஓடினதையும் பார்த்தேனே. உன் சீட்டில் நாளைக்கு அவள் உட்கார்ந்துவிடுவாள். அவளுக்கு இடம் விட்டு நீ எந்தப் பக்கம் நகர்ந்து உட்காருவாய், சுண்டு? நான் எந்தக் கதவைத் திறந்து ஏறட்டும்?